பொருள் வரைதல்: அபரிக்கிரகத்தை இன்றைய வாழ்க்கையில் கடைப்பிடிக்கும் முறை

உடைமை சேர்க்காமை எனப்படும் அபரிக்கிரகம் என்றதும் பெரும்பாலோர் வீட்டைக் காலி செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு விடுமுறை நாளில் அலமாரியைக் கவிழ்த்து, நான்கைந்து பைகளை வெளியே அனுப்பி, காலியான தட்டுகளைப் பார்த்து மனம் குளிர்ந்துபோவார்கள். ஆறு மாதத்தில் அதே தட்டுகள் மறுபடி நிறைந்திருக்கும். பொருள் உள்ளே வரும் வழியை யாரும் அடைக்கவில்லையே! சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த வரிசை வேறு. முதலில் எல்லையை எழுதுவது, அடுத்து வாசலைக் காப்பது, உள்ளே இருப்பதைக் குறைப்பது கடைசியில்.

துறவிக்கு அபரிக்கிரகம் மகாவிரதம், அதாவது முழுமையான பெருநோன்பு. இல்லறத்தாருக்கு அது அணுவிரதம், அளவோடு ஏற்கும் சிறுநோன்பு. பொருள் வரைதல் என்றும் மிகுபொருள் விரும்பாமை என்றும் தமிழில் வழங்குகிறது. இன்ன பொருள், இன்ன அளவு, அதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்வது இந்த விரதம். எவ்வளவு என்பது அவரவர் முடிவு. இன்று உங்களிடம் இருப்பதைவிட அதிகமாகக்கூட வரம்பை வைக்கலாம். இதைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் எல்லையே இல்லாத ஆசைக்கும், பெரியதாக இருந்தாலும் எல்லை உள்ள ஆசைக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. முதல் படி அந்தத் தூரத்தைக் கடப்பதுதான். வரம்பைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

சமண ஆசிரியர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் "மூர்ச்சா பரிக்கிரக:" என்கிறது. பொருளின்மீது மனம் மயங்கிக் கிடப்பதே உடைமை என்று அதற்குப் பொருள். இதைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் இருக்கிறது, ஆனால் எதிலும் பற்றில்லை" என்று சொல்லிக்கொள்வது எளிது. பற்றை யாரும் அளந்து பார்க்க முடியாது, எண்ணை அளக்கலாம். பற்றில்லை என்பவர் ஒன்பது சட்டையோடு நிற்கிறேன் என்று எழுதி, பத்தாவது எதிரே வரும்போது தன் மனம் என்ன செய்கிறது என்று பார்க்கட்டும். எண் வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

எந்தப் பொருளில் தொடங்குவது

சமண நூல்கள் வெளி உடைமைகளைப் பத்தாகப் பிரிக்கின்றன: நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், துணிமணி, பாத்திரம் பண்டம். பட்டியல் பழையது என்றாலும் இன்றைக்கும் பொருந்தும். வெள்ளியும் பொன்னும் என்ற இடத்தில் சேமிப்பு, பங்கு, வைப்புத்தொகை எல்லாம் வரும். கால்நடை இருந்த இடத்தில் வாகனம். பணியாள் என்ற தலைப்பைக் காலாவதியானது என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் உங்களுக்காக ஓடிவரும் ஆட்களும், அவர்களுடைய நேரமும் அந்தத் தலைப்புக்குள் வருகிறார்கள். பாத்திரம் பண்டத்தில் கருவிகள், கைப்பேசி, கணினி எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பத்திலும் ஒரே நாளில் வரம்பு வைக்க வேண்டாம். இரண்டு தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எளிதில் முடியும் என்று தோன்றுவது ஒன்று, நினைத்தாலே சங்கடமாக இருப்பது ஒன்று. எளியதை மட்டும் எடுத்தால் விரதம் பொழுதுபோக்காகிவிடும். கடினமானதை மட்டும் எடுத்தால் இரண்டாம் வாரத்தில் அறுந்துபோகும்.

இன்னொரு பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் தீர்ந்துபோவது போகம்: உணவு, பூ, எண்ணெய். திரும்பத் திரும்பப் பயன்படுவது உபபோகம்: உடை, படுக்கை, வண்டி. போகத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரம்பு வையுங்கள். உபபோகத்துக்கு மொத்தம் இத்தனை என்று வையுங்கள். இதை மாற்றிச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். 'மாதம் ஒரு சட்டைக்கு மேல் வாங்கமாட்டேன்' என்று எழுதினால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சட்டை வந்து சேரும், விரதமும் உடையாமல் இருக்கும்.

எண்ணைக் கணக்கிடுவது

கையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, அதைப் பாதியாக்குவது தவறான முறை. அதில் உங்கள் தேவை எங்குமே வருவதில்லை. பயன்பாட்டிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அன்றாடம் வெளியே உடுத்தும் சட்டையை எடுத்துக்கொள்வோம். துவைப்பதற்கு இடையிலான நாட்கள், காய்ந்து மடித்து வர ஆகும் நாட்கள், கைவசம் இருக்க வேண்டிய உபரி ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள், ஒரு நாளில் காய்கிறது, உபரி இரண்டு என்றால் ஏழு போதும். ஆனால் மழைக்காலத்தில் காய மூன்று நாளாகும். அப்போது ஒன்பது தேவை. எனவே வரம்பு ஒன்பது. நல்ல வாரத்தை வைத்து ஏழு என்று எழுதினால் முதல் அடைமழையில் விரதம் முறியும். ஒருமுறை முறிந்த விரதத்தை மறுபடி ஒட்டவைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. மோசமான வாரத்துக்குக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டைச் சேர்க்காதீர்கள். உபரி என்ற இடத்தில் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

பாய், போர்வை, தட்டு, கருவி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை வேண்டியிருக்கும், கழுவியோ பழுதுபார்த்தோ வரும்வரை எத்தனை வேண்டும் என்ற இரண்டையும் கூட்டினால் போதும். ஆண்டுக்கு ஒரு தடவைக்கும் குறைவாகப் பயன்படும் பொருள் என்றால், இரவல் வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எழுதும் வாசகம்

மனத்துக்குள் வைத்த வரம்பு இரவோடு இரவாக நகர்ந்துவிடும். தாளில் எழுதி, அந்தப் பொருள் இருக்கும் இடத்திலேயே ஒட்டிவையுங்கள். வாசகத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: பொருள், அளவு, காலம், விலக்கு, மிகுவது போகும் இடம். ஒரு மாதிரி:

"இன்று முதல் இரண்டு மாதத்துக்கு வெளியே உடுத்தும் சட்டை ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொள்ளமாட்டேன். பணிச் சீருடை இந்தக் கணக்கில் வராது. பரிசாக வந்தால் ஏழு நாளுக்குள் ஒன்று வெளியே போகும். அது இன்னாருக்குப் போகும்."

காலத்தைக் குறிப்பிடாமல் 'இனி எப்போதும்' என்று எழுதுபவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். சமண ஆசிரியர் சமந்தபத்திரர், இல்லறத்தாருக்கான தம் ஒழுக்க நூலாகிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாழ்நாள் முழுவதும் ஏற்பதை யமம் என்றும், காலவரையோடு ஏற்பதை நியமம் என்றும் பிரித்துச் சொல்கிறார். பகல், இரவு, பதினைந்து நாள் கொண்ட பட்சம், மாதம், இரண்டு மாதப் பருவம், ஆறு மாத அயனம் என்று அளவுகளையும் தருகிறார். புதியவர் பட்சத்தில் தொடங்கலாம். தடையில்லாமல் முடிந்தால் மாதம், பிறகு பருவம், பிறகு அயனம். யமத்தைப் பற்றி அதற்கு அப்புறம் யோசித்தால் போதும்.

வாசலில் கேட்க வேண்டிய ஐந்து

பதஞ்சலி யோக சூத்திரத்தின் 2.30இல் அபரிக்கிரகத்தை ஐந்து யமங்களில் ஒன்றாக வைக்கிறார். இங்கே யமம் என்பது அடிப்படை ஒழுக்கக் கட்டுப்பாடு; மேலே சொன்ன வாழ்நாள் விரதம் அல்ல. அந்நூலின் பழைய உரையான வியாச பாஷ்யம் அந்த இடத்தில் ஒரு பொருளோடு சேர்ந்துவரும் ஐந்து குறைகளைச் சொல்கிறது: ஈட்டுவது, காப்பது, அழிவது, அதில் ஒட்டிக்கொள்வது, பிற உயிருக்குத் துன்பம் தருவது. இந்த ஐந்தையும் கண்டு ஏற்காமல் விடுவதே அபரிக்கிரகம் என்கிறது. வாங்குவதற்கு முன் போடவேண்டிய கணக்குக்கு இதைவிடச் சிறந்த பட்டியல் கிடையாது.

இரண்டாவது கைப்பேசி ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈட்டுவது: கைக்கு வரும் மாத வருமானத்திலிருந்து வேலைக்காகவே ஆகும் செலவைக் கழித்து, வேலை நேரத்தோடு போக்குவரத்து நேரத்தையும் கூட்டி வகுத்தால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு கிடைக்கும். விலையை அதனால் வகுத்து, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பணமாகப் பார்க்கும்போது சிறியதாக இருந்தது மணிக்கணக்கில் பார்க்கும்போது அப்படி இருக்காது. காப்பது: உறை, காப்பீடு, கடவுச்சொல், இன்னொரு எண், தினமும் மின்னேற்றம். அழிவது: லித்தியம் அயனி மின்கலம் சும்மா கிடந்தாலும் மூப்படையும், முழுதாக ஏற்றியோ முற்றிலும் தீர்ந்தோ நெடுநாள் கிடந்தால் இன்னும் விரைவாகக் கெடும். மேசை இழுப்பறையில் 'பத்திரமாக' இருக்கும் கைப்பேசி அங்கேயே செத்துக்கொண்டிருக்கிறது. ஒட்டுதல்: தொலைந்தால், கீறல் விழுந்தால், வேறொருவர் கேட்டால் மனம் எப்படி இருக்கும்? துன்பம்: மின்கலங்களுக்கான கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகள் உட்படப் பலர் கையால் தோண்டும் சுரங்கங்களும் உண்டு. அபரிக்கிரகமும் அகிம்சையும் தொட்டுக்கொள்ளும் இடம் இது. பலர் இந்த ஐந்தாவதை விட்டுவிட்டு வெறும் சிக்கனக் கணக்காக ஆக்கிவிடுகிறார்கள். அப்படி ஆக்கினால் இது அபரிக்கிரகம் ஆகாது.

ஐந்தையும் எழுதிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். வேண்டியதை வாங்குவதில் குற்றம் இல்லை. எழுதிய தாளைப் பொருளோடு சேர்த்து வையுங்கள். பருவ முடிவில் எடுத்துப் பார்க்க உதவும்.

விரதம் எப்படி ஏய்க்கப்படுகிறது

எல்லோரும் நின்று படிக்க வேண்டிய இடம் இது. எண்ணைக் காப்பாற்றிக்கொண்டே ஆசையையும் நிறைவேற்றும் ஐந்து தந்திரங்களைச் சமண ஆசிரியர்கள் அதிசாரங்கள் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹேமச்சந்திரர் எழுதிய யோகசாத்திரத்தில் இந்த விளக்கம் இருக்கிறது. மனித மனத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்களே என்று வியப்பாக இருக்கும்.

முதலாவது சேர்த்தல். ஒரு வீடுதான் என்று விரதம் எடுத்தவர் பக்கத்து வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, ஒன்றாக்கிவிடுகிறார். கணக்கில் ஒரே வீடு. இன்றைக்கு ஆறு துண்டுகள் கொண்ட தொகுப்பை 'ஒன்று' என்று எழுதுவது இதுவே. தனியாகப் பயன்படுத்தக்கூடிய மிகச்சிறிய அலகை எண்ணுங்கள், தந்திரம் நின்றுவிடும்.

அடுத்தது கொடுத்துவைத்தல். வரம்புக்கு மேல் வந்த பொன்னை, விரதக் காலம் முடியும்வரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவைப்பது. இப்போது அது பெற்றோர் வீட்டுப் பரணுக்குப் போகிறது, துணைவரின் பெயருக்கு மாறுகிறது, வாடகைக் கிடங்கில் அடங்குகிறது. கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்றால் அது உங்களுடையது. எண்ணிக்கையில் சேருங்கள்.

மூன்றாவது கட்டிவைத்தல்: இப்போது எடுத்துக்கொள்ளாமல், முன்பணம் கொடுத்து விற்பவரிடமே நிறுத்திவைப்பது. இணையக் கடையின் கூடையும், 'பிறகு வாங்க' பட்டியலும், முன்பதிவும் இதன் இன்றைய உருவங்கள். பணமோ வாக்கோ கொடுத்த நாளிலேயே அந்தப் பொருள் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது.

நான்காவது கரு. கால்நடை இத்தனைதான் என்று சொல்லிவிட்டு, காலம் முடிந்த பிறகு கன்று ஈனும்படி சினைப்படுத்துவது. இந்தத் தந்திரத்தில் விழாதவர் இன்று அரிது. கேமரா வாங்கினால் லென்ஸ், பை, முக்காலி, மின்கலம் என்று குட்டிகள் தொடரும். முதல் மாதம் இலவசம் என்ற சந்தா இரண்டாம் மாதத்திலிருந்து பணம் கேட்கும். வாங்கும் நாளிலேயே குட்டிகளையும் எழுதி, மொத்தத்துக்கு வரம்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். இலவசச் சந்தா எடுத்தால், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பு நினைவூட்டும்படி அதே நிமிடத்தில் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

கடைசித் தந்திரம் உருமாற்றம். பத்துப் பாத்திரம் என்பது வரம்பு. பன்னிரண்டானபோது சிலவற்றை உருக்கிப் பெரிதாக்கினால் எண்ணிக்கை மறுபடி பத்து. 32 அங்குலத் தொலைக்காட்சி 55 அங்குலமாவதும், சிறிய வண்டி பெரிய வண்டியாவதும் இப்படித்தான். ஆகவே எண்ணோடு அளவையும் எழுத வேண்டும்: 'ஒன்று, இத்தனை அங்குலத்துக்கு மேல் போகாமல்'.

தவறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காண நான்கு படிகள் சொல்லப்படுகின்றன: அதிக்கிரமம், வியதிக்கிரமம், அதிசாரம், அனாசாரம். வரம்பை மீற மனம் எண்ணுவது முதல் படி, மீற முனைவது இரண்டாவது, ஓரளவு மீறுவது மூன்றாவது, முழுதாக உடைப்பது நான்காவது. கடையின் பக்கத்தைத் திறந்து விலை பார்க்கும்போதே முதல் படியில் நிற்கிறீர்கள்; கூடையில் போட்டால் இரண்டாவது. இந்த இரண்டிலும் திரும்புவது எளிது. அதனால் வேலையை அங்கேயே செய்யுங்கள்: கடைகளில் சேமித்துவைத்த அட்டை விவரங்களை நீக்குங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள், ஆசைப்பட்டதைத் தேதியோடு எழுதி 30 நாள் விடுங்கள். வாங்கியே விட்டீர்கள் என்றால், திருப்பித் தரும் கெடு முடியுமுன் திருப்பித் தாருங்கள். கெடு தாண்டிவிட்டால் வரம்பை உயர்த்தாதீர்கள். பழையதில் ஒன்றை அனுப்புங்கள்.

மிகுந்ததை அனுப்புவது

வரம்புக்கு மேற்பட்டது தானத்துக்குரியது. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்று தானம் நான்கு. உடைந்ததையும் கறைபட்டதையும் தானமாகக் கொடுப்பது உங்கள் குப்பையை இன்னொருவர் தலையில் ஏற்றுவது. வாங்கிக்கொள்பவர் அதே நாளில் பயன்படுத்தும் நிலையில் இருந்தால் மட்டும் கொடுங்கள். மருந்து என்றவுடன் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மருந்துச் செலவுக்குப் பணமாகக் கொடுங்கள்.

கைப்பேசி, கணினியைக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் தேவையானதை வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றுங்கள். கடைசியாக ஆலை நிலைக்கு மீட்டமையுங்கள். வெளியேறாமல் மீட்டமைத்தால் கருவி உங்கள் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பெற்றவருக்கு அது வெறும் கல். உப்பிய மின்கலம் இருந்தால் யாருக்கும் கொடுக்க வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் பொருளை மட்டும்தான் நீங்கள் வரையறுக்கலாம். துணைவர், பிள்ளைகள், முதியவர்களின் பொருளை அவர்கள் இல்லாத நேரத்தில் அகற்றுவது கள்ளாமை விரதத்தை மீறுவதாகும். வீட்டில் இந்த நோன்புக்கு வரும் எதிர்ப்பில் பெரும்பகுதி இப்படிக் கிளம்புவதுதான்.

பணமும் திரையும்

மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசரச் சேமிப்பு பேராசையில் சேராது. உங்களை நம்பிச் சிறுவரோ நோயாளியோ இருந்தால் இன்னும் கூடுதலாக வைக்கலாம். காப்பீட்டை நிறுத்திவிட்டு அதற்கு அபரிக்கிரகம் என்று பெயர் வைத்தால், சுமை உறவினர் தோளுக்குப் போய்விடும். வரம்பு வைக்க வேண்டியது அதற்கு மேல் வளரும் பகுதிக்கு. வருமானம் உயர்வதற்கு முன்பே, உயரும் தொகையில் எவ்வளவு செலவுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு, எவ்வளவு தானத்துக்கு என்று எழுதிவிடுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு அந்த முடிவை எடுப்பது மிகவும் கடினம்.

திரைக்குள் இருப்பதும் உடைமைதான், எடை தெரியாது என்பதால் குவிந்துகொண்டே போகிறது. ஒரே காட்சியைப் பத்துப் படம் எடுத்தால் அன்றிரவே ஒன்றை வைத்து ஒன்பதை அழியுங்கள். ஒரு வருடம் கழித்து உட்கார்ந்தால் எதை அழிப்பது என்று தெரியாது. சேமித்துவைத்த கட்டுரைகளுக்கு 20 என்று வரம்பு வைத்தால் 21ஆவது வரும்போது ஒன்றைப் படித்தாக வேண்டும் அல்லது விட்டாக வேண்டும். ஓர் அயன காலத்துக்கு மேகச் சேமிப்பில் கூடுதல் இடம் வாங்குவதில்லை என்று நியமம் எடுத்துப் பாருங்கள்.

சமந்தபத்திரர் இந்த விரதத்துக்குத் தனியாகச் சொல்லும் வேறு ஐந்து அதிசாரங்களில் ஒன்று அதிவிஸ்மயம்: பிறருடைய செல்வத்தைப் பார்த்து மிகையாக வியப்பது. எதையும் வாங்காமலே விரதம் தளரும் வழி அது. யாருடைய பதிவைப் பார்த்து முடித்ததும் ஏதாவது வாங்கத் தோன்றுகிறதோ, அந்தக் கணக்கைப் பின்தொடர்வதை ஒரு பட்சம் நிறுத்திவையுங்கள்.

உள் உடைமை

வெளியே பத்து என்றால் உள்ளே பதினான்கு: பொய்க்காட்சி என்னும் தவறான நம்பிக்கை, கோபம், மானம் என்னும் செருக்கு, மாயை என்னும் வஞ்சகம், லோபம், சிரிப்பு, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு, ஆண், பெண், அலி என மூவகை வேட்கை. 'எவ்வளவு குறைவாக வாழ்கிறேன் பாருங்கள்' என்ற பெருமிதம் மானத்தில் அடங்கும். ஒன்பது சட்டைக்காரர் முப்பது சட்டைக்காரரை இளக்காரமாகப் பார்க்கத் தொடங்கினால், விட்ட இருபத்தொன்றையும்விடக் கனமான ஒன்றை ஏற்றிக்கொண்டார் என்று பொருள். எண்ணிக்கையைப் பிறரிடம் சொல்லாமல் இருப்பது இதற்கு எளிய காப்பு.

பயிற்சியாகச் சாமாயிகம் இருக்கிறது. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். அந்நேரம் எதுவும் தனதில்லை என்று இருப்பது. கைப்பேசி வேறு அறையில், அணைத்த நிலையில் இருக்க வேண்டும். ஒலியை மட்டும் நிறுத்தி அருகில் வைத்தால் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். நேரம் பார்க்கச் சாதாரணக் கடிகாரம் போதும். முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் படபடப்பாகப் போகும். எதை எடுக்கக் கை நீண்டது, யாரைப் பற்றி, எந்தப் பதவியைப் பற்றி எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது என்று முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். இப்படி ஒரு பட்சம் எழுதினால், அடுத்த வரம்பை எந்தத் தலைப்பில் வைக்க வேண்டும் என்பது அந்த வரிகளிலேயே தெரிந்துவிடும்.

காலக்கெடு முடியும் நாளில் பழைய தாளை எடுத்து, கணக்கை நேரில் எண்ணிப் பாருங்கள். வரம்பு ஒருமுறையும் இடிக்கவே இல்லை என்றால் எண் தளர்வாக இருந்திருக்கிறது, ஒன்று குறையுங்கள். மூன்று தடவைக்கு மேல் இடித்தால், விலக்கில் எதையோ எழுத மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு எண்ணில் கை வையுங்கள். புதிய தாளைப் பழைய கெடு முடியும் நாளிலேயே எழுதிவிடுங்கள். நடுவே ஒரு வாரம் இடைவெளி விட்டால், தள்ளிப்போட்ட எல்லாம் அந்த வாரத்தில் வீட்டுக்குள் வந்துவிடும்.